ஒசாகா கடைத்தெரு சொல்லும் பாடம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒசாகா என்றதும் 'உலகம் சுற்றும் வாலிபன்' படம்தான் நினைவுக்கு வரும். 1970-இல் அந்நகரில் நடந்த 'எக்ஸ்போ 70' கண்காட்சியில் எம்.ஜி.ஆர். படமெடுத்து வந்து 1973-இல் வெளியிட்டார். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த ஊரை நேரில் காணும் வாய்ப்பு, 2025-இல் மறுபடியும் அங்கே உலகக் கண்காட்சி நடந்தபோது வாய்த்தது. நம் வட்டார மளிகை வியாபாரிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து போய் வந்தோம்.

கண்காட்சியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாம் எழுத விரும்புவது அவ்வூர்க் கடைத்தெருவைப் பற்றி.

டோக்கியோ ஆட்சியாளர்களின் ஊர் என்றால் ஒசாகா வியாபாரிகளின் ஊர். ஜப்பானின் பல சீமைகளிலிருந்தும் அரிசி அந்நாளில் இங்கிருந்த கிட்டங்கிகளுக்கு வந்துதான் விலையாகும். 'நாட்டின் அடுப்படி' என்றே இதற்குப் பெயர். டோஜிமா அரிசிச் சந்தையில் நடந்த முன்பேர வியாபாரத்துக்கு 1730-லேயே அரசு அங்கீகாரம் கொடுத்தது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பார்த்துக் கடை திறக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஒசாகா வியாபாரிகள் சந்தித்தால், 'மோகரிமக்கா' என்று கேட்பது பழைய வழக்கம். 'லாபம் எப்படி?' என்று பொருள். அதற்குப் பதில், 'போச்சி போச்சி'. எல்லாம் போச்சு என்கிறாரோ என்று பதறிப்போனோம். 'ஏதோ ஓடுது' என்பதுதான் அர்த்தமாம். நம் பஜாரில் சொல்லும் பதிலும் அதுதானே!

அந்நாளில் ஒசாகாவில் ஏறக்குறைய 200 பாலங்கள் இருந்தன. அவற்றில் அரசாங்கம் கட்டியவை 12 மட்டுமே. மற்றவற்றை வியாபாரிகளும் ஊர் மக்களும் சொந்தப் பணத்தில் கட்டிப் பராமரித்தார்கள். 1724-இல் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து 'கைதோகுடோ' என்ற கல்விச்சாலையையும் தொடங்கினார்கள். மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கண்ட நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் அப்படித்தான் பிறந்தது. வியாபாரி ஊருக்குச் செய்தால் ஊர் வியாபாரியைக் கைவிடாது என்ற நம்பிக்கை இரு பக்கமும் ஒன்றே.

டென்ஜின்பாஷி கடைத்தெரு 2.6 கிலோமீட்டர் நீளம். சுமார் 600 கடைகள். தெருவின் பெரும்பகுதிக்குக் கூரை. வெயிலோ மழையோ வாடிக்கையாளரை விரட்டுவதில்லை. மளிகை, துணி, மருந்து, தேநீர்த்தூள் என்று பெரும்பாலும் சிறு கடைகள்தான். எல்லாப் பொருளிலும் விலை எழுதியிருக்கிறது. பேரம் கிடையாது. காசைக் கையில் வாங்காமல் ஒரு சிறு தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். பாக்கியையும் எண்ணிக் காட்டித் தருகிறார்கள். சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரும் பேச்சே இல்லை!

சாப்பாட்டுக் கதை வேறு. டோதோம்போரி வீதியில் கால்களை ஆட்டும் பெரிய நண்டுப் பொம்மைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். குழிப்பணியாரம் போலச் சுட்டுக்கொண்டிருந்த ஒன்றை ஆசையாக வாங்கினால், உள்ளே ஆக்டோபஸ் துண்டு. எங்களில் சைவக்காரர் ஒருவர், 'வெறும் நூடுல்ஸ்தானே' என்று கேட்டு வாங்கினார். அதன் சாறு, நம் மாசிக்கருவாடு போன்ற காய்ந்த மீனைச் சீவிப் போட்டு இறக்கியதாம். பாவம், அவருக்கு மறுநாள் முழுதும் வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான்.

ஆனால் எல்லாம் செழிப்பு என்று எழுதினால் அது பொய்யாகும். பெரிய கடைகளின் வரவைக் கட்டுப்படுத்த ஜப்பானில் 1973-இல் சட்டம் போட்டார்கள். சிறு கடைகளுக்கு அது வேலியாக இருந்தது. வெளிநாட்டு நெருக்கடியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 2000-இல் அதை எடுத்தே விட்டார்கள். இன்று அந்நாட்டின் சிற்றூர்களில் பகலிலேயே ஷட்டர் இறக்கிய கடைத்தெருக்கள் பல. கடை நடத்தப் பிள்ளைகள் இல்லாததும் ஒரு காரணம். வேலி இருந்த காலத்தில் தோட்டத்தைச் சீர்செய்தவர்கள் தப்பித்தார்கள். வேலியை மட்டுமே நம்பியவர்கள் போனார்கள்.

குரோமோன் மார்க்கெட் கதையும் நாம் கேட்க வேண்டியது. சுமார் 580 மீட்டர் நீளமுள்ள, ஒசாகாவின் அடுப்படி என்று பேர்பெற்ற இடம். வெளிநாட்டுப் பயணிகள் குவியத் தொடங்கியதும் பல கடைகள் அவர்களுக்கென்றே சரக்கும் விலையும் வைத்தன. விலை கட்டுபடியாகாத உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கினார்கள். 2020-இல் கொரோனா வந்து பயணிகள் நின்றதும் தெரு வெறிச்சோடியது.

இதை ஏன் வ. புதுப்பட்டியில் உட்கார்ந்து எழுதுகிறோம்? அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி போகும் கூட்டம் நம் வட்டாரத்தைத் தாண்டித்தான் போகிறது. 2025-இல் கூமாப்பட்டி செல்போன் வீடியோக்களால் ஊரறிந்த பெயராகி, பிளவக்கல் அணையைப் பார்க்க வெளியூரார் வந்தார்கள். வந்தவர்கள் நம் கடைகளில் என்ன வாங்கினார்கள்? தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும்தான். நிழலில் உட்கார ஒரு பெஞ்சு, சுத்தமான கழிப்பறை, விலை எழுதிய பலகை, வீட்டுக்கு எடுத்துப்போக நம் மண்ணின் தேங்காய், புளி, மாம்பழத்தில் ஒழுங்காகக் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தால் பத்து நிமிடம் நிற்க மாட்டார்களா? பால்கோவா என்றால் திருவில்லிபுத்தூர் என்று பெயர் பெற்றது சும்மா வரவில்லையே.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். தனிக் கடையால் முடியாதது. கடைத்தெரு ஒன்றுசேர்ந்தால் முடிவது. மூட்டைக்கு இவ்வளவு என்று பழைய மகமைக் கணக்கை மறுபடி தொடங்கி, பஜாரின் நிழலுக்கும் சுத்தத்துக்கும் செலவிடலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. யாத்திரிகர் கூட்டம் மாதத்துக்குச் சில நாள். மற்ற நாட்களில் நம் படியேறுகிறவர், நூறு கிராம் பருப்பும் பற்றுக் கணக்கும் கேட்கும் நம் ஊர்க்காரர். அறுவடை வரை பொறுக்கும் கடையை அவருக்கு எந்த செல்போன் வியாபாரமும் தராது. வெளியூராருக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை வைத்து அவர் மனம் கோணினால், குரோமோனுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும்.

'லாபம் எப்படி?' என்று நாளை நம் பிள்ளைகளைக் கேட்டால், 'ஏதோ ஓடுது' என்றாவது சொல்லும்படி கடை திறந்திருக்க வேண்டும். அதற்கான வேலை நம் தலைமுறையின் கையில்தான் இருக்கிறது.