முன்னே செல்வோனின் சங்கிலி

பாடசாலை விடுமுறை தொடங்கியதும், எட்டுப் பத்து இளைஞர் ஒன்றுசேர்ந்து மோட்டார்ச் சைக்கிள்களில் வன்னிக்கும் திருகோணமலைக்கும் புறப்படுதலை யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே காண்கின்றோம். எங்கே உண்பது, எந்தக் குளத்திற் குளிப்பது என்பனவெல்லாம் முன்னரே தீர்மானமாகியிருக்கும். வாகனங்களைப் பற்றி வினவினால், "என்ரை சைக்கிளுக்கு ஒரு குறையும் இல்லை, சேர்" என்று ஒவ்வொருவரும் தத்தம் வாகனத்துக்கு மாத்திரம் விடையளிப்பர். தனியே செல்வோனின் வாகனம் பழுதுற்றால் இடர் பெரும்பாலும் அவனுக்கே. கூட்டமாகச் செல்லுங்கால் நிலைமை வேறு. முன்னே செல்வோனின் சங்கிலி அறுந்து பின்சில்லிற் சிக்குமாயின், சில்லு சுழலாது இறுகிவிடும். அதன் பயனை அனுபவிப்பவன் பின்னே வருபவன். ஆகவே, முன்னுள்ள வாகனத்தைச் சோதிக்கும் உரிமை பின்னே வருபவனுக்கு உண்டென்பது எமது கருத்து.

சங்கிலியைச் சோதித்தற்குக் கராஜுக்குப் போக வேண்டியதில்லை. வாகனத்தை நடுத் தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து, கீழ்ப்புறச் சங்கிலியின் நடுவிடத்தை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. சிறு வாகனங்கள் பலவற்றில் அவ்வசைவு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருத்தல் தகும்; சரியான அளவு வாகனத்தோடு வந்த கைந்நூலிற் காணப்படும். சில்லைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களிற் பார்த்தல் அவசியம். ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தொய்ந்தும் இருப்பின் சங்கிலி சமமாகத் தேயவில்லை என்பது பொருள். பற்சில்லின் பற்கள் சுறாவின் பல்லைப்போற் சாய்ந்து கூர்த்திருந்தால், சங்கிலியையும் முன் பின் பற்சில்லுகளையும் ஒருங்கே மாற்றுக. பழைய பற்சில்லிற் புதுச் சங்கிலியைப் பூட்டினாற் காசு மிஞ்சும் என்று ஆலோசனை கூறும் நண்பர் எல்லா ஊரிலும் உளர். தேய்ந்த பற்கள் புதுச் சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும் என்பதை அவர் கூறார்.

எஞ்சினை ஓடவிட்டுக் கியரும் போட்டு, சுழலும் சங்கிலியைத் துணியாற் பிடித்துத் துடைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. துணி பற்சில்லில் அகப்பட்டால் விரலும் உடன் போகும். கையாற் சில்லைச் சுழற்றியே துடைக்க வேண்டும். அதற்கு மண்ணெண்ணெய் நன்று. பெற்றோல் ஆகாது, சில சங்கிலிகளின் உள்ளே அமைந்த றப்பர் வளையங்களை அது கெடுக்கும்.

மண்ணெண்ணெய் என்றதும் நம்மவர் பலருக்கு 1990களின் முற்பகுதி நினைவுக்கு வரும். பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடைத்தற்கரியதாகிய அந்நாளில், சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர் யாழ்ப்பாணத்தார். திருத்துநர்களின் அக்கைத்திறன் வியக்கத்தக்கது. ஆயினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர்வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. பெரும்பாலான மோட்டார்ச் சைக்கிள்களில் அந்த ஒயிலே கிளச்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும் உரியது. மலிவென்று கார் ஒயிலை ஊற்றினாற் சிலவேளை கிளச் வழுக்கும், புட்டியில் "ஜாசோ எம்.ஏ." என்ற குறி உண்டா என்று பார்த்து வாங்குதல் நலம். 2020 மார்ச்சு முதற் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், வயது முதிர்ந்த வாகனங்கள் பல நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பயணத்துக்கு முதல்நாள் மாலை எல்லாரும் ஒரு முற்றத்திற் கூடுக. ஒவ்வொருவரும் தம்முடையதை விடுத்து மற்றொருவரின் வாகனத்தைப் பார்க்க. தன் பிள்ளையின் குறை கண்ணுக்குத் தெரியாது போலத் தன் வாகனத்தின் குறையும் தெரிவதில்லை. ரயரின் காற்று, தேய்வு, பிறேக் ஆகியவற்றை யாவரும் அறிவர். பிறேக் விளக்கை மாத்திரம் பலர் மறக்கின்றனர். அது செலுத்துவோன் கண்ணிற் படாத, பின்னே வருபவனுக்கென்றே அமைந்த விளக்கு. "கவனமாகப் போ மோனை" என்று வாசலில் நின்று சொல்லும் தாய்மார், "பின்விளக்கு எரியுதோ?" என்றும் கேட்பார்களாக.

தெருவில் முதல்வன் தன் பாதையின் வலப்புறமாகவும், அடுத்தவன் இடப்புறமாகச் சற்றுப் பின்னாகவும், இவ்வாறு மாறிமாறிச் செல்லுதல் உலகெங்கும் கையாளப்படும் முறை. நேர் முன்னே செல்வோனுக்கும் தனக்கும் இடையே குறைந்தது இரண்டு செக்கன் இடைவெளி வேண்டும். மழையில் அதனினும் அதிகம். வளைவுகளில் ஒற்றை வரிசையே தகும். பழக்கம் குறைந்தவனைக் கடைசியில் விடுதல் பெருந்தவறு. பின்தங்கிய அவன் எட்டிப் பிடிக்க விரைவான். விபத்தும் அங்கேதான் காத்திருக்கும். அவனை இரண்டாவதாக வைத்து, அவனுடைய வேகத்தையே எல்லாரும் கொள்க. எட்டுப் பேராயின் நாலு நாலாகப் பிரிதல் மேல். பஸ் ஒன்று முந்திச் செல்லும்போது ஒதுங்க இடமிருக்கும்.

ஆனையிறவில், இருபுறமும் மறைப்பற்ற கடனீரேரி வெளியில், வைகாசிக்குப் பின் சோளகம் பக்கவாட்டில் வந்து வாகனத்தைத் தள்ளும். அவ்விடத்தில் இடைவெளியை இன்னும் பெருக்கி, வேகத்தைக் குறைத்து, கைபிடியை இறுக்கிப் பிடியாது செல்க. கடைசியில் வருபவன் அனுபவசாலியாயும், சாவிகள், பிளக், ரியூப், காற்றுப் பம்பு, சங்கிலிக்குரிய இணைப்புக் கண்ணி ஆகியவற்றைச் சுமப்பவனாயும் இருக்கட்டும். பரந்தன் சந்தியில் முதல்வன் நின்று, அவன் வந்து சேர்ந்த பின்னரே மேலே புறப்படலாம்.