கலமும் கத்தரிக்கோலும்

மனித முகத்தை மையால் அச்சொட்டாக வரையும் கலை ஐரோப்பாவின் கொடை என்றும், முஸ்லிம்களுக்கு அதில் பங்கில்லை என்றும் எழுதுவோர் இன்றும் உளர். பண்பொழியில் நம்மிடம் ஓதும் மாணவரும் இதைப் படித்துவிட்டு வந்து வினவுகின்றனர். இக்கூற்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்வோர் ஒரு சாரார். "பங்கில்லாததே நம் பெருமை" என மார்தட்டுவோர் மறுசாரார். இரு சாராருமே சரித்திரத்தைப் புரட்டிப் பாராதவர்கள்.

'கலம்' என்றால் அரபியில் எழுதுகோல். அப்பெயரில் திருக்குர்ஆனில் 68ஆம் அத்தியாயமே அமைந்துள்ளது. அக்பர், ஜஹாங்கீர் காலத்து ஓவியர்கள் கையாண்ட ஒரு முறைக்கு 'நீம் கலம்', அதாவது 'பாதிக் கலம்' என்று பெயர். மைக்கோட்டால் உருவைத் தீட்டி, நீர்த்த வண்ணத்தை மெல்லப் பூசி நிறுத்திக்கொள்வது அம்முறை. 1580இல் பாதிரிமார் அக்பரின் அவைக்குக் கொணர்ந்த விவிலியத்தின் அச்சுப்படங்களிலிருந்து அவ்வோவியர்கள் கற்றதும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், கொடுத்ததைக் கணக்கெழுதும் மேனாட்டார் பெற்றதை எழுதாது விடுவது எந்த நீதி?

டச்சு ஓவிய மேதை ரெம்பிராண்ட், ஏறத்தாழ 1656 முதல் 1661 வரையிலான காலத்தில், முகலாய ஓவியங்களைப் பார்த்துப் பழுப்பு மையாலும் நீர்ப்பூச்சாலும் படியெடுத்தார். இருபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஷாஜஹானின் உருவம் அவற்றுள் உண்டு. மரநிழலில் அமர்ந்துள்ள நான்கு பெரியோரின் படம் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. அம்மேதை நம் ஓவியர்முன் மாணவராய் அமர்ந்தார் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அடுத்த நூற்றாண்டில் நடந்ததையும் கேளுங்கள். வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையில், மரியா தெரேசா அரசியார் காலத்தில், ஓர் அறை ரொக்கோக்கோ பாணியில் அலங்கரிக்கப்பட்டது. வளைவும் சுருளுமான அதன் பொற்சட்டங்களுக்குள் அடங்குவதற்காக, முகலாய ஓவிய ஏடுகளை அரச குடும்பத்தாரே கத்தரித்து, துண்டுகளை இணைத்து ஒட்டினர். அந்நான்கு பெரியோரின் முகலாய ஓவியமும் அச்சுவரில்தான் உள்ளது. கலைஞன் பாடமாகக் கொண்டதை அரண்மனை சுவரலங்காரமாக்கிற்று. இதனை 'ரசனை' என்று போற்றுவோர், வெட்டுண்ட ஏடுகளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

உருவம் வரைதல் கூடுமா என்பதில் நம் சட்ட அறிஞரிடையே உள்ள கருத்துவேறுபாட்டை நாம் அறியாதவரல்லர். அது ஃபத்வாவுக்குரிய வினா. நடந்ததை நடக்கவில்லை என்பதோ பொய்ச்சாட்சி. அது கூடாதென்பதில் இமாம்களிடையே இரு கருத்தில்லை. அன்று ஏடுகளை வெட்டியவர் அந்நியர். இன்று நம் சரித்திரத்தை நாமே வெட்டிக் கொடுப்பதற்கு என்ன பெயரிடுவது?