பெரும்பான்மையும் தனிமனித மனமும்

மக்களாட்சி என்றால் பெரும்பான்மையோர் விருப்பப்படி நடக்கும் ஆட்சி என்று உடனே விடை பகர்கிறோம். விடை பிழையன்று, எனினும் முழுமையானதன்று. களமருதூர் போன்ற ஊரின் கிராம சபையில், தெருவிளக்கை எங்கே நடுவது, ஏரிக்கரையை எப்போது பலப்படுத்துவது என்பவற்றைப் பலர் கூடி முடிவு செய்யலாம். ஒருவர் யாரை, எங்கே வணங்குவது என்பதையும் கைகளை எண்ணித் தீர்மானிக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

சான்றுக்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து எடுத்தவாய்நத்தம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் நெடுங்காலம் செல்ல இயலாதிருந்த பட்டியலின மக்கள், 2023 சனவரி 2ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, காவல்துறைப் பாதுகாப்புடன் சென்று வழிபட்டனர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல்! சட்டம் வந்து 75 ஆண்டுகளுக்குப் பின்னும் பெருமாளைக் காணக் காவலர் துணை வேண்டியிருந்தது. ‘ஊர் வழக்கம்’ என்னும் சொல்லுக்குத்தான் எத்துணை வலிமை!

வழிபட விரும்புவோரைத் தடுப்பது ஒருவகை என்றால், மனம் ஒப்பாததைச் செய்யச் சொல்லி வற்புறுத்துவது மற்றொரு வகை. 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கை காரணமாக உடன் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர்நீதிமன்றமோ, நாட்டுப்பண்ணில் எச்சமயத்தையும் புண்படுத்தும் சொல் இல்லை என்று கூறி வழக்கைத் தள்ளியது. உச்சநீதிமன்றம் 1986 ஆகஸ்டு 11இல் அதை மாற்றியது. ஒரு நம்பிக்கை நமக்குச் சரியெனப் படுகிறதா என்பதன்று கேள்வி. அவர்கள் அதை உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்று நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பு விளக்கிற்று. குழந்தைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆணையும் பிறந்தது.

அப்படியானால் சமயத்தின் பெயரால் எதையும் செய்யலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுநலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டே சமய உரிமையை வழங்குகிறது. பிறருக்குத் தீங்கு நேருமாயின் அரசு தலையிடலாம். பலருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தீங்காகிவிடாது.

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு’ என்று முதியோர் அறிவுரை கூறுவர். அப்பழமொழிக்குப் பின்பாதியும் உண்டு: ‘ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.’ தனித்து நிற்பவரை அடக்குமுன், அவர் ஏன் அவ்வாறு நிற்கிறார் என்று கேட்கும் பண்பை மாணவர்களாகிய நாம் முதலில் பழகுவோம். இன்று பெரும்பான்மையாய் இருப்போர் வேறோர் ஊரில், வேறொரு நாளில் சிறுபான்மையாய் நிற்க நேரலாம் அன்றோ?