கற்பிக்கக் கற்றவர் நமக்கு வேண்டும்

கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகளை மேற்கொண்டு முதுகலைப் பட்டத்துக்கு அனுப்பலாமா, அனுப்பினால் எந்தப் படிப்புக்கு அனுப்பலாம் என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். வணிக நிர்வாகம், கூட்டுறவு நிர்வாகம், தொழிற்கல்வி ஆகியவற்றைப் பற்றியே இக்கேள்வி பெரிதும் எழுகிறது. இது அவரவர் வீட்டுக் கேள்வி மட்டுமன்று, சங்கத்தின் கேள்வியுமாகும். ஆகவே நம் கருத்தை ஒளிவின்றிக் கூற விரும்புகிறோம்.

கப்பலூரில் தொழிலுக்குக் குறைவில்லை. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1936-இல் தோற்றுவித்த தியாகராஜர் மில் இங்கேதான் இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டையும் இருக்கிறது. திருமங்கலம் வட்டாரக் கரிசலில் பருத்தி விளைகிறது. குறைவு வேறிடத்தில் உள்ளது. இழையின் நீளத்தைப் பொறுத்துப் பஞ்சின் விலை மாறுகிறது என்பதை அறியாமலே பருத்தியை விற்றுவிடும் விவசாயி இன்றும் உண்டு. நூல் நம்பரின் கணக்கை அறியாத இளம் நெசவாளரும் உண்டு. 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல். அதே எடைக்கு 80 சிட்டம் நின்றால் 80-ஆம் நம்பர். இதை அறிந்தவன் பாவுக்கும் ஊடைக்கும் எவ்வளவு நூல் செல்லும் என்று தானே கணக்கிடுவான். அறியாதவன் பிறர் சொன்ன கணக்கை நம்புவான். கணக்கு எளிதுதான். தறியருகே அமர்ந்து அதைப் பொறுமையுடன் சொல்லித் தருவோர் இல்லை.

தொழில் தெரிந்தவர் எல்லாரும் ஆசிரியராகிவிட முடியாது. கற்பிப்பது தனியொரு கலை. இதை உணர்ந்துதான் 1964-இல் சென்னைத் தரமணியில், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கே பயிற்சி அளிக்கத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் 1844-இல் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்தபோது அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்றதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, படிப்பகம் அமைத்தனர், பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கல்வியைச் செலவாக அவர்கள் எண்ணவில்லை; முதலீடாகவே எண்ணினர்.

நம் பிள்ளைகள் எங்கே பயிலலாம்? ஆலைகளிலும் கம்பெனிகளிலும் உத்தியோகம் நாடுவோருக்கு, திருப்பரங்குன்றத்தில் 1962-இல் நிறுவப்பெற்ற தியாகராஜர் மேலாண்மைப் பள்ளி அருகிலேயே உள்ளது. அதை நாடுவோரை நாம் தடுக்கவில்லை. சங்கப் பணிக்கு வர விரும்புவோருக்குக் காந்திகிராமம் மேலும் பொருத்தமானது என்பது நம் அபிப்பிராயம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் ஊன்றிய அந்த வித்து, 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையமாக வளர்ந்து, 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி எய்திற்று. கூட்டுறவு அங்கே ஒரு தனிப் பாடத்துறை. கைத்தறிக்குப் பேர்பெற்ற சின்னாளபட்டி அதன் பக்கத்து ஊர். தறியின் ஓசை கேட்கும் தூரத்தில் கூட்டுறவைப் பயில்வது நம் பிள்ளைகளுக்கு நன்மையே.

"படித்தவன் எங்கே திரும்பி வருவான்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் திரும்பி வருபவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? பதவி இல்லை, நிச்சயமான ஊதியம் இல்லை, அவன் சொல்வதைக் கேட்கும் சபையும் இல்லை. நீர் பாய்ச்சாத வயலில் விளைச்சல் இல்லையென்று நிலத்தைக் குறை கூறுவது போன்றதே இது.

ஆகவே மூன்று யோசனைகளை அங்கத்தினர்முன் வைக்கிறோம். முதலாவது, முதுகலைக்குச் செல்ல விரும்புபவர் அதற்கு முன் ஓராண்டு சங்கத்தில் பணி செய்ய வேண்டும். குழித்தறியில் கால் வைத்தும், கொள்முதல் நாளில் தராசருகே நின்றும் பழக வேண்டும். தொழிலின் வருத்தம் அறியாதவர் பெறும் பட்டம் நமக்குப் பயன்படாது. இரண்டாவது, படிப்புச் செலவுக்குச் சங்கம் வட்டியில்லாக் கடன் தர வேண்டும். திரும்பி வந்து மூன்றாண்டு அங்கத்தினர்களுக்குக் கற்பித்தால் அக்கடனைத் தள்ளிவிட வேண்டும். ஊதியம் இன்னதென்று முதலிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். ஒரு சங்கத்தால் தாங்க இயலாவிடில், அருகருகேயுள்ள நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். மூன்றாவது, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இது உரியதென்று எண்ணலாகாது. தார் சுற்றுவதிலும் பூப்பறிப்பதிலும் பெண்களின் கை முன்னிற்கிறது; கற்பிக்கும் இடத்திலும் அவர்கள் முன்னிற்க வேண்டும்.

ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துமாறு கூட்டுறவுச் சட்டமே விதித்திருக்கிறது. அதைச் செலுத்தி ரசீது பெறுவதோடு நம் கடமை தீர்ந்ததாக எண்ணிவிட்டோம். அந்நிதியால் நம் அங்கத்தினருக்குக் கிடைத்த பயன் யாது என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த பொதுச்சபையில் பங்காதாயம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இக்கேள்வியை எழுப்புமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். பங்காதாயம் அந்த ஆண்டோடு செலவாகிவிடும். ஊருக்குத் திரும்பி வரும் ஓர் ஆசிரியரோ ஒரு தலைமுறைக்குக் கணக்குக் கற்பிப்பார்.