ஆலயத்துக்குள் கடை வரலாம்

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷையரில் யார்போல் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித லெனார்டு ஆலயத்தின் மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல், பருத்த மரத்தூண்கள் தாங்கத் தனியே நிற்கிறது. 2009-இல் அந்த ஆலயத்துக்குள் ஊர்ப் பொதுக்கடையும் தபால் நிலையமும் வந்தன. ஞாயிறு ஆராதனையும் நிற்கவில்லை. இதைப் புனிதக் கேடு என்பவர்கள் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை என்பதே என் வாதம்.

இடைக்கால இங்கிலாந்தில் பீடம் இருந்த கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது குருவின் கடமை. மக்கள் கூடும் நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் கடமை. செலவு செய்த ஊராரே அதைப் பல வேலைகளுக்கும் பயன்படுத்தினார்கள். அந்தக் கூடத்தில் நெடுங்காலம் நிலையான இருக்கைகள் கிடையாது. வழக்குப் பேசினார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். ஊரே பீர் காய்ச்சி, விருந்து வைத்து, விற்ற காசில் கூரையைச் செப்பனிட்டது. சபைப் பொறுப்பாளர்கள் எழுதிவைத்த பழைய கணக்கேடுகளில் அந்த வரவு இருக்கிறது. கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) இவற்றை ஒடுக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் புதுப்பிப்புகள் கூடத்தை வரிசை வரிசையாக இருக்கைகளால் நிரப்பின. இன்று பலர் 'மரபு' என்று காக்க நினைப்பது பெரும்பாலும் அந்த நூற்றாண்டின் ஏற்பாட்டைத்தான்.

எருசலேம் தேவாலயத்திலிருந்து வியாபாரிகளை இயேசு விரட்டவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே வழிபட வந்தவர்களின் பணமே குறி. இங்கே கார் ஓட்ட முடியாத முதியவர் ரொட்டி வாங்குகிறார், தபால் அனுப்புகிறார்; கடையும் ஊருக்குச் சொந்தம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: துக்கத்தோடு வருபவருக்கு அமைதியான இடம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பீடப் பகுதியைப் பிரித்து, கடைக்கு நேரம் வகுத்தால் அந்த அமைதி கெடாது. செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய இருக்கைகளையும் தொடக்கூடாது. மாற்றங்களுக்குப் பேராயத்தின் சட்டப்படியான அனுமதி தேவை என்பதால் அதைக் கண்காணிக்க வழியும் இருக்கிறது.

இங்கிலாந்து திருச்சபையிடம் சுமார் 16,000 ஆலயங்கள் உள்ளன. கைவிடப்பட்டவற்றைக் காக்க 1969-இல் தொடங்கிய அறக்கட்டளை 350-க்கும் மேற்பட்டவற்றைப் பராமரிக்கிறது. எல்லாவற்றையும் அதனால் ஏற்க முடியாது. பல ஆலயங்கள் விற்கப்பட்டுத் தனியார் வீடுகளாகிவிட்டன. கடை வந்த ஆலயத்தின் கதவு ஊருக்குத் திறந்திருக்கிறது. வீடானதின் கதவு ஊருக்கு அடைபட்டுவிடுகிறது. கடையைத் தொண்டாக நடத்த ஆளில்லாத ஊர்களில் இந்த ஏற்பாடு நடக்காதுதான். ஆனாலும் விற்பனைக்குக் கையெழுத்திடும் முன், கூடத்தை எடுத்து நடத்துகிறீர்களா என்று பேராயங்கள் ஊராரிடம் ஒரு முறை கேட்க வேண்டும்.