தட்டில் கிடக்கும் இறைச்சிக்கு யார் சாட்சி?

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2025 அக்டோபர் 8 அன்று ஒரு பெயர்ச் சண்டையில் தன் முடிவைச் சொன்னது. சோயாவிலும் பட்டாணியிலும் செய்த பண்டங்களுக்கு ‘பர்கர்’, ‘சாஸேஜ்’, ‘ஸ்டேக்’ என்று பெயர் வைக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை 355 பேர் ஆதரித்தார்கள், 247 பேர் எதிர்த்தார்கள். உறுப்பு நாடுகளோடு பேசி முடித்த பிறகுதான் இது சட்டமாக முடியும் என்பதே அப்போதைய நிலை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் ஆத்திரமூட்டுகிறது. இறைச்சி என்று நினைத்து நுகர்வோர் ஏமாந்துவிடக் கூடாது என்றார்கள். ஐரோப்பியக் கடைகளில் இறைச்சியின் பெயரைச் சொல்லி மக்கள் ஏமாற்றப்பட்டது உண்மை. ஆனால், ஏமாற்றியது சோயா அல்ல. மாட்டிறைச்சி என்று அச்சிட்ட பெட்டிக்குள் குதிரை இறைச்சியை வைத்து விற்றார்கள். அது அம்பலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன்பின் இதே நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு கேட்ட ஒரு சட்டம் இன்னும் எழுதப்படவில்லை. பெயர்களைக் காக்க இவ்வளவு அவசரம் காட்டுபவர்களிடம் அந்தச் சட்டம் எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது.

நடந்ததை எண்களிலேயே சொல்லிவிடலாம். அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், கடைகளில் வாங்கிய 27 மாட்டிறைச்சி பர்கர் வகைகளைச் சோதித்து 2013 ஜனவரி 15 அன்று முடிவை வெளியிட்டது. 10 வகைகளில் குதிரையின் மரபணு இருந்தது. 23 வகைகளில் பன்றியின் மரபணு இருந்தது. டெஸ்கோ பேரங்காடியின் மலிவு விலை பர்கர் ஒன்றில், அதிலிருந்த மாட்டிறைச்சியோடு ஒப்பிட 29 சதவீத அளவுக்குக் குதிரை இறைச்சி. மூன்று வாரம் கழித்து, பிரிட்டனில் ஃபின்டஸ் நிறுவனத்தின் மாட்டிறைச்சி லசானியா என்ற ஆயத்த உணவு சிக்கியது. சோதித்த 18 மாதிரிகளில் 11இல் குதிரை இறைச்சி 60 முதல் 100 சதவீதம் வரை இருந்தது. அதன்பின் நாட்டுக்கு நாடு கடையடுக்குகள் காலியாயின. பள்ளிக்கூடங்கள்கூடத் தப்பவில்லை. குதிரை மரபணு கலந்த காட்டேஜ் பை, இங்கிலாந்தின் லங்காஷயரில் 47 பள்ளிச் சமையலறைகளுக்குப் போயிருந்தது.

அந்த லசானியாவுக்குள் குதிரை எப்படி வந்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இந்தப் பெயர்த் தடை எவ்வளவு பயனற்றது என்பது விளங்கும். ருமேனியாவின் இறைச்சிக்கூடங்களில் குதிரைகள் சட்டப்படியே அறுக்கப்பட்டன. குதிரை இறைச்சி என்றே எழுதி விற்கப்பட்டன. அங்கே பொய் எதுவும் இல்லை. வாங்கியது ஒரு டச்சு வணிகரின் நிறுவனம், அதன் பதிவோ சைப்ரஸில். சரக்கு நெதர்லாந்தின் குளிர்பதனக் கிடங்கில் தங்கி, தெற்குப் பிரான்ஸின் காஸ்தெல்நோதாரியில் உள்ள ஸ்பாங்கெரோ நிறுவனத்துக்கு வந்தது. அங்கிருந்து மெட்ஸ் நகரத்து கோமிஜெல் நிறுவனம் வாங்கி, தன் லக்ஸம்பர்க் ஆலையில் லசானியாவாக்கிப் பல நாட்டுக் கடைகளுக்கு அனுப்பியது. இந்தச் சங்கிலியில் இறைச்சி என்பது அட்டைப்பெட்டிக்குள் பனிக்கட்டியாய் இறுகிய சிவப்புப் பாளம், அவ்வளவுதான். எந்த விலங்கு என்பதைச் சொல்ல அதில் தோலில்லை, எலும்பில்லை, வடிவமில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய தாளும் கூடவே வரும் விலைச்சீட்டும்தான் அதற்குப் பெயர் கொடுக்கின்றன. சுங்கத் துறையின் பட்டியலில் உறைந்த மாட்டிறைச்சிக்கு 0202 என்று ஒரு குறியீடு, குதிரை இறைச்சிக்கு 0205 என்று வேறொரு குறியீடு. ஸ்பாங்கெரோவுக்குள் போன சரக்கின் தாள்களில் குதிரைக்குரிய குறியீடு இருந்தது என்று பிரெஞ்சு அரசின் விசாரணை சொன்னது. வெளியே வந்த சரக்கில் ‘மாட்டிறைச்சி, பிறப்பிடம்: ஐரோப்பிய ஒன்றியம்’ என்றிருந்தது.

ஆறு மாத காலத்தில் இப்படி ஏறத்தாழ 750 டன் குதிரை இறைச்சி கைமாறியது என்றும், அதில் 500 டன் கோமிஜெலுக்குப் போய் 45 லட்சம் உணவுப் பொட்டலங்களாகி 13 நாடுகளில் விற்கப்பட்டது என்றும் பிரெஞ்சு அரசு கணக்கிட்டது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் டச்சு வணிகருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. ஸ்பாங்கெரோவின் முன்னாள் இயக்குநருக்கும் இரண்டு ஆண்டு, அதில் 18 மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வணிகர் இதே வகைக் குற்றத்துக்காக நெதர்லாந்தில் 2012இலேயே தண்டிக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குதிரையை மாடு என்று விற்றுத் தண்டனை பெற்ற ஒருவர் மறுபடி இறைச்சி வியாபாரம் செய்ய எந்தத் தடையும் இருக்கவில்லை. அவரிடமிருந்து சரக்கு வருகிறதே என்று ஒரு கடைக்கும் உறுத்தவில்லை. லசானியா பெட்டியில் ‘மாட்டிறைச்சி’ என்று அச்சிட்டவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் அச்சிட்டார்கள். பொய் இரண்டு மூன்று கை முன்னாலேயே நுழைந்துவிட்டது. பெட்டியின் முகப்பில் எந்தச் சொல் இருக்கலாம், எது கூடாது என்று ஆயிரம் விதி போட்டாலும் அந்தக் கைகளை அது தொடாது.

இனி, இந்த விவகாரத்தில் போதிய கவனம் பெறாத இரண்டு எண்களுக்கு வருகிறேன். மோசடி அம்பலமான கையோடு, ஒன்றியத்தின் சட்ட முன்வரைவுகளை எழுதும் ஐரோப்பிய ஆணையம் உறுப்பு நாடுகள் முழுவதிலும் மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தது. அரசுகள் 4,144 மாதிரிகளைச் சோதித்தன. 193இல் குதிரை மரபணு இருந்தது. அதாவது 4.66 சதவீதம், இருபது பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்று. அதே சமயத்தில் உணவு நிறுவனங்கள் தாங்களே செய்த 7,951 சோதனைகளின் முடிவும் வந்தது. அதில் 110 மட்டுமே சிக்கின, 1.38 சதவீதம். அரசு தேடியபோது கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட நிறுவனங்கள் தேடியபோது கிடைக்கவில்லை. மாதிரிகள் வேறு, எடுத்த முறை வேறு, ஒப்பிடக் கூடாது என்பார்கள். நிறுவனங்கள் எந்த மாதிரியை எடுப்பது என்று தாங்களே முடிவு செய்ததுதானே இங்கே பிரச்சினை! இந்தச் சோதனைகள் நடந்தது, செய்தி வெடித்து, சந்தேகத்துக்குரிய சரக்கெல்லாம் திரும்பப் பெறப்பட்டு, ஐரோப்பா முழுவதும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்த நேரத்தில். அப்போதே இருபதுக்கு ஒன்று என்றால், யாரும் பாராத 2012இல் எவ்வளவு இருந்திருக்கும்? அடுத்த எண்ணையும் பாருங்கள். 2014இல் ஆணையம் சோதனையை மீண்டும் நடத்தியது. 2,622 மாதிரிகளில் 16, அதாவது 0.61 சதவீதம். அரசு தானே கடைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துச் சோதிக்கும் என்ற பயம் வந்ததும், ஓராண்டில் மோசடி ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. உணவு மோசடிக்கு இவ்வளவு மலிவான, இவ்வளவு விரைவான மருந்து வேறு கிடையாது. இத்தகைய சோதனை ஆண்டுதோறும், எல்லா நாட்டிலும், நிறுவனத்தின் பெயரோடு முடிவு வெளியாகும்படி நடக்கும் நிரந்தர ஏற்பாடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

பிரிட்டனில் இந்த மோசடிக்குப் பின் பேராசிரியர் கிறிஸ் எலியட் 2014இல் அளித்த அறிக்கையும் இதையொட்டியே பேசியது. உளவுத் தகவல், ஆய்வகங்கள், முன்னறிவிப்பில்லாத தணிக்கை, உணவுக் குற்றத்துக்கென்று தனிப்பிரிவு ஆகியவற்றை அவர் கேட்டார். பேரங்காடிகள் நம்பியிருந்த தனியார் தணிக்கை என்பது, நாள் குறித்து, தகவல் சொல்லி, கோப்புகளை அடுக்கிவைக்க அவகாசம் கொடுத்துவிட்டு வருவது. அப்படி வந்தவர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் சுவரில் தொங்கிய ஆலைகளிலிருந்துதான் குதிரை கலந்த பர்கர் வெளியே போனது. தனிப்பிரிவு வந்தது, நல்லது. மற்றவை அரைகுறையாக நின்றன.

இந்தப் பின்னணியில்தான் சோயா பர்கர் மீதான கோபத்தை எடைபோட வேண்டும். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு 2020இல் எடுத்த கருத்துக்கணிப்பில், இத்தகைய பெயர்களை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். தாவர உணவு என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும் என்பதே பெருவாரியான கருத்து. இதில் வியப்பில்லை. தாவர பர்கர் செய்பவருக்கு ‘இதில் இறைச்சி இல்லை’ என்பதுதான் விற்பனைச் சரக்கு. அதை மறைத்தால் அவருக்கே நட்டம். குதிரையை மாடென்று விற்பவருக்கோ மறைப்பதில்தான் லாபம். உரக்கச் சொன்னால் மட்டுமே விற்கக்கூடியவரை இந்தத் தடை துரத்துகிறது. ஒளித்தால் மட்டுமே விற்கக்கூடியவரை அது கண்டுகொள்ளவில்லை. கால்நடை வளர்ப்போரின் வருமானத்தைக் காக்கவே இந்தத் தடை என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். 2013இல் கால்நடை வளர்ப்போரின் மாட்டிறைச்சிக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தது எது? மலிவான குதிரை இறைச்சி மாட்டின் பெயரில் நுழைந்ததுதான். உழவரின் பெயரால் பேசுவோர் அந்தக் கதவை அடைக்கத்தான் முதலில் ஓடியிருக்க வேண்டும்.

அடைப்பதற்கான சட்டமும் புதிர் அல்ல. பச்சை மாட்டிறைச்சிக்கு எந்த நாட்டு மாடு என்று எழுதுவது மாட்டுப் பித்து நோய்க்குப் பிறகு ஐரோப்பாவில் கட்டாயமாகிவிட்டது. அதே இறைச்சியை அரைத்துச் சாறோடு கலந்து லசானியாவாக்கினால் அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்றியத்தின் இறைச்சியில் 30 முதல் 50 சதவீதம் வரை இப்படிப் பதப்படுத்திய உணவுகளுக்குள் போகிறது என்று ஆணையமே 2013 டிசம்பரில் மதிப்பிட்டது. இந்த ஓட்டையை அடையுங்கள் என்று 2015 பிப்ரவரி 11 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 460க்கு 204 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. ஆணையத்தின் பதில் செலவுக் கணக்கு. மக்கள் பிறப்பிடத்தை அறிய விரும்புகிறார்கள், ஆனால் விலை சற்றுக் கூடினாலே அதற்குப் பணம் தரத் தயாராக இல்லை என்று வாதிட்டது. வாங்கும் பொருள் என்ன என்பதை அறியத் தனிக்கட்டணம் கேட்பது எந்த ஊர் நியாயம்? எடைக்கல் சரியா என்று பார்க்க வாடிக்கையாளரிடம் யாரும் காசு கேட்பதில்லை. பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல், எட்டு சதவீதத்துக்கு மேல் இறைச்சி உள்ள ஆயத்த உணவுகளில் அதன் பிறப்பிடத்தைச் சோதனை முறையில் கட்டாயமாக்கியது. லசானியா விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

விலங்கின் பெயரிலேயே பொய் சொல்பவன் நாட்டின் பெயரிலும் பொய் சொல்ல மாட்டானா என்று ஒரு கேள்வி வரும். சொல்வான். ஆனால், பிறப்பிடத்தை எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், கடைசி ஆலை தனக்கு முந்தைய கையிடம் தாள் கேட்டாக வேண்டும். அந்தக் கை அதற்கும் முந்தைய கையிடம் கேட்டாக வேண்டும். சைப்ரஸில் பதிவு, நெதர்லாந்தில் கிடங்கு, ருமேனியாவில் சரக்கு என்றிருப்பவர் பலரிடம் ஒரே பொய்யைப் பிசகாமல் சொல்ல வேண்டியிருக்கும். அத்தோடு மரபணுச் சோதனையும் சேர்ந்தால் அவருடைய ஆதாயக் கணக்கே தலைகீழாகும்.

குதிரை இறைச்சி தின்று யாரும் சாகவில்லையே, எதற்கு இவ்வளவு கூச்சல் என்போரும் உண்டு. குதிரைகளுக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூடசோன் என்ற வலிநிவாரணி 3,115 சோதனைகளில் 16இல் மட்டுமே தென்பட்டது என்பதும், உடல்நலக் கேடு மிகக் குறைவு என்று மருத்துவ அதிகாரிகள் சொன்னதும் சரிதான். சாப்பாடு விஷமில்லை என்பதாலேயே அது நேர்மையானது ஆகிவிடாது. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் சிறைகளுக்கு ஹலால் என்று சொல்லி வழங்கிய உணவில் பன்றி மரபணு கண்டுபிடிக்கப்பட்டதை அந்நாட்டு நீதி அமைச்சகமே ஒப்புக்கொண்டது. வேறு கடைக்குப் போக வழியற்ற கைதிக்கு அது என்னவாக இருந்திருக்கும்? லண்டனிலும் பாரிஸிலும் வாழும் தமிழர்களில் சைவர்களும் முஸ்லிம்களும் மாட்டையும் பன்றியையும் விலக்குவோரும் ஆயத்த உணவுப் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தை நம்பித்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுக்கிறார்கள். அம்பலமான சில வாரங்களில் பிரிட்டனில் உறைந்த பர்கர் விற்பனை 43 சதவீதமும் உறைந்த ஆயத்த உணவு விற்பனை 13 சதவீதமும் விழுந்தது. வசதியுள்ளவர் தெரிந்த இறைச்சிக் கடைக்குப் போனார். இரண்டு வேலை பார்த்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் அதே மலிவு அடுக்குக்குத்தான் திரும்பி வந்தார். மோசடி நடந்ததும் அந்த அடுக்கில்தான்.

இறைச்சித் தொழிலின் செல்வாக்குத்தான் இந்த முன்னுரிமைகளைத் தீர்மானிக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சொல்லுக்குத் தடை போட்டால் அந்தத் தொழிலுக்கு ஒரு காசு செலவில்லை. சங்கிலி முழுவதும் தாள் கேட்டால் செலவு உண்டு. எனவே முதலாவதற்கு வாக்கெடுப்பு நடக்கிறது, இரண்டாவது கிடப்பில் போகிறது. நுகர்வோரின் நம்பிக்கையைக் காப்பதுதான் நோக்கம் என்றால் ‘பர்கர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ஆயத்த உணவிலுள்ள இறைச்சிக்குப் பிறப்பிடம் எழுதும் விதியையும், ஆண்டுதோறும் அரசே நடத்தும் மரபணுச் சோதனையையும் கொண்டுவர வேண்டும். சிக்கிய பண்டத்தின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் அந்த முடிவு சொல்ல வேண்டும். 2015 தீர்மானத்துக்கு ஆணையத்திடமிருந்து ஒரு சட்ட முன்வரைவும் வரவில்லை. பெயர்த் தடைக்குக் கை தூக்கிய 355 பேரும் முதலில் அதைக் கேட்டு வாங்கட்டும்.