தாத்தாவை வீட்டில் பூட்டாதீங்க!

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை 9 மணிக்கே பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. சென்னைக்கு இது புதுசு அல்ல. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 113 டிகிரி அடித்த ஊர் இது.

வெயில் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே கட்டளை. "தாத்தா, வெளியே போகாதீங்க! பேசாம படுத்துக் கிடங்க!"

அக்கறைதான். யார் இல்லை என்றது? ஆனால் இரண்டு மாசம் படுத்தே கிடந்தால் பெரியவர் என்ன ஆவார்? கால் வலு போகும். பசி எடுக்காது. பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்திருப்பார். வெயில் தணிந்த பிறகு ஒரு நாள் பாத்ரூமுக்கு எழுந்து போவார். தடுமாறி விழுவார். இடுப்பு எலும்பு முறியும். வெயிலிலிருந்து காப்பாற்றிய தாத்தாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அதற்காக உச்சி வெயிலில் நடக்க விடுவதா? கூடவே கூடாது. வயசான உடம்பில் வியர்வை குறைவு. தாகமும் சட்டென்று தெரியாது. பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரைப் பெருக்கி உடம்பில் இருக்கிற தண்ணீரையும் வெளியேற்றும்.

பாட்டி வழி

வடாம் பிழியும் பாட்டிகளைப் பாருங்கள். விடியற்காலையில் கூழ் கிண்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் பிழிந்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அப்புறம் காய வேண்டியது வடாம்தான், பாட்டி அல்ல!

வேலையை விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். விடிந்ததும் பால் வாங்கிவர தாத்தாவை அனுப்புங்கள். 7 மணிக்குள் காய்கறி வாங்கட்டும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகட்டும். பாட்டியை மட்டும் பகல் 12 மணிக்கு அடுப்படியில் நிறுத்திவிட்டு, "வெளியே போகாதே" என்று சொல்வது என்ன நியாயம்? அடுப்படி மட்டும் ஊட்டியா?

கூரைக்குக் கீழே

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்" என்று அதிகாரிகள் வருஷா வருஷம் சொல்கிறார்கள். ஏ.சி. வீட்டுக்காரருக்கு நல்ல புத்திமதி. தகரக் கூரைக்கும் அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் கீழே இருப்பவர் என்ன செய்வார்? மத்தியானம் 2 மணிக்கு அந்த வீடே அடுப்பு. ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். தெரு முனை வேப்பமரத்தடி எவ்வளவோ மேல். அதனால்தான் அங்கே நாலு பெரியவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை இல்லாத கூட்டம் என்று அவர்களை விரட்டுகிறவர்கள், ஒரு மத்தியானம் அந்த ஷீட்டுக்குக் கீழே இருந்து பார்க்கட்டும்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலுக்குப் பலியானவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்றது. செத்தால் பணம் சரி, சாகாமல் இருக்க எங்கே போய் உட்காருவது?

இடம் இருக்கிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறார். அந்தக் காசில் நடக்கும் கிளை நூலகங்கள் பலவற்றில் மத்தியானம் கதவைச் சாத்திவிடுகிறார்கள்! கத்திரி முடியும் வரையாவது திறந்து வையுங்கள். நாலு ஃபேன், ஒரு மண்பானை, படிக்க பேப்பர் போதும். அரசியல் பேச ஆள் தானாக வரும்.

ரேஷன் பொருளை வயசானவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. படுக்கையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. நடமாடுகிறவருக்கோ கடைக்குப் போவதுதான் நாலு பேரைப் பார்க்கும் வழி. அவருக்காகக் காலை 7 மணிக்கே கடையைத் திறந்தால் என்ன?

தண்ணீர் ஏன் குடிப்பதில்லை?

"தண்ணி குடிங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரியவர்கள் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாத பாட்டிகள் எத்தனை பேர்! 60 வயசானவர்களுக்கு மாசம் 10 இலவச பஸ் டோக்கன் 2016-ல் வந்தது. பஸ்சை விட்டு இறங்கும் இடத்தில் கழிப்பறை இல்லை. இருந்தால் பூட்டு. தண்ணீர்ப் பந்தல் கதையோ ஊருக்கே தெரியும். திறப்பு விழா போட்டோ எடுத்த மறுநாள் பானை காலி!

வீட்டில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவருக்குப் பேச்சு குழறுகிறதா? சம்பந்தம் இல்லாமல் பேசுகிறாரா? உடம்பு நெருப்பாகச் சுடுகிறதா? தூக்கக் கலக்கம் என்று விடாதீர்கள். நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து, விசிறிவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள்.

மாநகராட்சிக்கு ஒரு வேலை. பூங்காவில் மர நிழல் உண்டு, பெஞ்சு உண்டு. மத்தியானத்தில் கேட்டைப் பூட்டக் கூடாது. உள்ளே குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வர வேண்டும். பெண்கள் கழிப்பறையின் சாவி வாட்ச்மேன் மடியில் இருக்கக் கூடாது. இதற்கு டெண்டர் வேண்டாம், ஒரு உத்தரவு போதும். நாளைக் காலையே போடலாம்.